மேக்னம் வேண்டுமா, .308 போதுமா: மான் வேட்டைக்கு விமானம் ஏறும் முன் முடிவு செய்வது எப்படி

போன மாதம் தேக்காவில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது என் மாமா மகன் கைப்பேசியை நீட்டினான். “அண்ணே, நியூசிலாந்து கைடு ரெண்டு துப்பாக்கி வச்சிருக்காராம். ஒண்ணு .308, இன்னொண்ணு .300 வின்மேக். எது வேணும்னு கேக்குறாரு. மேக்னமே சொல்லிடவா? காசு கொடுத்துப் போறோம், பெருசாவே எடுத்துக்கலாமே?” பையன் ஏப்ரலில் தெற்குத் தீவுக்குச் செம்மான் வேட்டைக்குப் போகிறான், முதல் தடவை. தேசிய சேவையில் ராணுவத்தின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைச் சுட்டதோடு சரி.

.308 என்று சொல் என்றேன். ஏன் என்று கேட்டான், பதில் சொல்வதற்குள் அவனுக்கு ஏதோ அழைப்பு வந்து எழுந்து போய்விட்டான். இதையே இன்னும் நாலு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். (.308, .300 வின்மேக் இரண்டும் தோட்டா ரகங்களின் பெயர்கள், இரண்டாவது வின்செஸ்டர் மேக்னம் என்பதன் சுருக்கம்.)

முதலில் நம் நிலைமை. சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. சுவா சூ காங்கில் கடைசிக் காட்டுப்புலியைச் சுட்டது 1930இல், அதோடு அந்தக் கதை முடிந்தது. பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றி சாலையைக் கடந்தால் நாம் செய்யக்கூடியது ஒதுங்கி நிற்பது மட்டும்தான். வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு வாரா வாரம் போய்ச் சுட்டுப் பழகவும் வழியில்லை. ஆகவே நம்மில் வேட்டைக்குப் போகிறவர் என்றால், வருடத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறி, வேறொருவருடைய துப்பாக்கியை வாங்கி, ஒரே ஒரு மதியம் பழகிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஓர் உயிரைக் குறிபார்க்கிற ஆள். மேக்னம் நல்லதா கெட்டதா என்று உலகம் முழுக்கச் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். இப்படிப்பட்ட ஆளுக்கு அது தேவையா என்பதுதான் நம் கேள்வி.

மேக்னம் என்பது பெரிய ஷாம்பெயின் புட்டிக்கான பெயர். அதே வாய் உள்ள துப்பாக்கிக்கு, அதிக வெடிமருந்து பிடிக்கிற பெரிய கூடு உள்ள தோட்டா என்ற பொருளில் அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் விட்ட .375 மேக்னம்தான் இந்தக் குடும்பத்தின் தாத்தா. கூட்டின் அடியில் ஒட்டியாணம் கட்டின மாதிரி ஒரு பட்டை இருக்குமே, அது பலத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். கூடு சரிவாக, புட்டிக்கு இருப்பது போன்ற தோள் இல்லாத மாதிரி இருந்ததால் துப்பாக்கியின் அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த 7 மிமீ ரெமிங்டன் மேக்னம் (1962), .300 வின்மேக் (1963) இரண்டும் தோள் நன்றாக இருந்தும் அந்தப் பட்டையைக் குடும்ப வழக்கம்போலத் தொடர்ந்தன.

இனி கணக்கு. இரண்டு தோட்டாவிலும் பறந்துபோகிற குண்டு ஒன்றுதான், சுமார் 11.7 கிராம். .308 அதை நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது, .300 வின்மேக் 900 மீட்டரில். அந்த நூறு மீட்டர் வேகத்துக்காக மேக்னம் எரிக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். உங்கள் தோளில் விழும் உதையும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 6.5 கிரீட்மோர் என்ற உதை குறைந்த தோட்டாவோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. எஸ்ஏஆர் 21 சுட்ட ஞாபகத்தில் இதை அளக்க முடியாது, அதன் குண்டு 4 கிராம் அளவுதான், அது உதைப்பதே இல்லை என்று சொல்லலாம்.

சரி, அந்தக் கூடுதல் வேகம் என்ன தருகிறது? 200 மீட்டரில் நேராக அடிக்கும்படி ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிசெய்துவிட்டு 300 மீட்டரில் சுட்டால், .308 குறியிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் கீழே விழும், வின்மேக் சுமார் 19. வித்தியாசம் மூன்று விரல். பக்கவாட்டில் 15 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் அதே தூரத்தில் .308 ஒரு சாண் அளவு தள்ளிப்போகும், மேக்னம் அதில் இரண்டு விரல் குறைவு. இங்கே கவனியுங்கள்: மலைச்சரிவில் நின்றுகொண்டு காற்று 10ஆ 15ஆ என்று கண்ணால் கணிப்பதில் நமக்கு வரும் பிழையே அந்த இரண்டு விரலைவிட அதிகம். 6.5 கிரீட்மோரின் நீண்டு மெலிந்த குண்டு மெதுவாகப் புறப்பட்டாலும் சாதாரண மேக்னம் குண்டைவிடக் காற்றில் அதிகம் நகர்வதில்லை. வேகத்தைவிடக் குண்டின் வடிவத்துக்குக் காற்று அதிகம் மரியாதை கொடுக்கிறது.

“ஆனால் அடித்தால் தூக்கிப்போடுமே” என்பார்கள். போடாது. வின்மேக் குண்டின் உந்தத்தை 120 கிலோ செம்மான்மேல் அப்படியே ஏற்றினாலும் அந்த உடம்பு நொடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும், ஆமை நடை. தவிர, மானை அந்த அளவுக்கு எறியக்கூடிய குண்டு என்றால் அதே உந்தத்தில் துப்பாக்கி உங்களையும் பின்னால் எறிந்திருக்க வேண்டும். மான் சாவது தள்ளுமுள்ளில் இல்லை. நுரையீரலும் இதயமும் கிழிந்து, இரத்தம் வடிந்து, மூளைக்குப் போவது நின்று சாகிறது, அதற்குச் சில நொடிகள் ஆகும், அந்த நொடிகளில் அது ஐம்பது நூறு மீட்டர் ஓடினாலும் ஓடும். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் இதுதான். அந்த இடத்திலேயே மடிந்து விழுந்தால் முதுகுத்தண்டோ மூளையோ அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

பழைய ஆட்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை முடித்ததற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி, அதாவது 7×57 மவுசர், இன்றைக்கு யாராவது கடையில் கேட்டால் “மானுக்கா, பாவம் சின்னதாச்சே” என்று சொல்லும் ரகம். அதே தோட்டாவை வைத்து ஆப்பிரிக்காவில் யானை சுட்டவர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கு மேல் சுட்டவர். ஆனால் அவர் யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர், நாம் படித்தது ஓர் ஒளிப்படத்தில் போட்ட சிவப்பு வட்டம். ஸ்காண்டிநேவியாவில் 1894ஆம் வருடத்து 6.5×55 தோட்டாவால் இன்றுவரை மூஸ் என்கிற பிரம்மாண்ட மானைச் சுடுகிறார்கள், அந்த மூஸ் செம்மானைவிட இரண்டு மூன்று மடங்கு எடை.

இப்போது என் சொந்த அவமானம். முதல் பயணத்தில் நானும் மேக்னம்தான் கேட்டேன். மலையேற எளிதாக இருக்கட்டும் என்று எடை குறைந்த துப்பாக்கி, அதில் .300 வின்மேக், எடை குறைந்தால் உதை கூடும் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. பண்ணையில் மண்மேட்டுக்கு முன்னால் படுத்து முதல் வேட்டு. படுத்துச் சுடும்போது முகம் தானாக முன்னே போகும், ஸ்கோப் விளிம்பு வந்து வலது புருவத்தில் பிறைநிலா போட்டது. இரத்தத்தைத் துடைத்துவிட்டு இரண்டாவது வேட்டுக்குக் கண்ணை வைத்தபோது என் உடம்பு எனக்குச் சொல்லாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அடுத்த எட்டுக் குண்டும் அட்டையில் எட்டுத் திசை. மறுநாள் 130 மீட்டரில் ஒரு பெண்மான், அசையாமல், பக்கவாட்டில், புல்லை மென்றுகொண்டு. அதைவிட எளிய குறி வாழ்நாளில் கிடைக்காது. விசையைத் தொடும்போதே கண்ணை மூடிவிட்டேன். குண்டு ஒரு முழம் பின்னால் போய் வயிற்றில் பட்டது. தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று, அது உயிரோடு இருந்தது, அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

அந்த வயிற்றுக் குண்டு 900 மீட்டர் வேகத்தில்தான் போனது. பயன் என்ன?

இந்தப் பயத்துக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் இருக்கிறது, நான் உதறல் என்பேன். சத்தமும் உதையும் வரப்போகிறது என்று தெரிந்த உடம்பு, வேட்டுக்கு முன்பே தோளை முன்னால் தள்ளி, குழலைக் கீழே அழுத்தி, கண்ணை மூடிக்கொள்ளும். சுடுகிறவருக்கே தெரியாது, ஏனென்றால் உதை வந்து அந்த அசைவை மறைத்துவிடும். ஆகவே அதைப் பிடிக்க ஒரு தந்திரம் வேண்டும், அதை வைத்துத்தான் அந்த ஒரு மதியத்தில் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம்.

கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வேட்டைக்கு முந்தின நாள் மதியம் முழுவதும் எனக்குச் சுட வேண்டும், இரண்டு துப்பாக்கியும் வேண்டும், வெடிக்காத டம்மி தோட்டா நாலைந்து வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, அதாவது இருபது தோட்டா, நான் காசு தருகிறேன். இதற்கு முகம் சுளிக்கிற கைடு வேண்டாம். காதுக்கு அடைப்பு, அதன்மேல் மூடி, இரண்டும் போடுங்கள், ஏனென்றால் உதறலில் பாதி தோளால் வருவதில்லை, காதால் வருகிறது. நியூசிலாந்தில் சைலன்சர் சாதாரண விஷயம், பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் மாட்டியே இருக்கும், அது சத்தத்தோடு உதையையும் கொஞ்சம் குறைக்கும், இருந்தால் மாட்டச் சொல்லுங்கள். குழல்வாயில் துளை போட்ட பிரேக் வேறு, அது உதையைக் குறைத்துச் சத்தத்தைக் கூட்டும், பக்கத்தில் நிற்பவர் உங்களைச் சபிப்பார்.

முதலில் தோட்டாவே இல்லாமல் பத்துத் தடவை விசையை இழுங்கள். பயிற்சியில் குழல்மேல் காசு வைத்து அது விழாமல் இழுக்கச் சொன்னது ஞாபகம் வருகிறதா, அதேதான், ஐம்பது காசு கையில் இருந்தால் எடுத்துப் போங்கள். அப்புறம் .308இல் தொடங்குங்கள். துப்பாக்கியின் பின்கட்டை தோளோடு ஒட்டி இருக்கட்டும், இடைவெளி விட்டால் அடி விழும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறதா என்று படுத்த நிலையில் பாருங்கள், நின்று பார்த்துவிட்டு நம்பாதீர்கள், என் புருவம் சாட்சி. கைடு உங்கள் பக்கம் முதுகைத் திருப்பி, சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை டம்மி என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தர வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றையும் நிஜம் என்றே நினைத்துச் சுட வேண்டும். டம்மி வரும்போது குழல் அப்படியே நின்றால் நல்லது. சலாம் போடுகிற மாதிரி மூக்கைக் கீழே இறக்கினால், அதுதான் உதறல். கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள், சிரிப்பு வரும், பிறகு வராது.

குழல் அசையாமல் நின்ற பிறகு, சுடும் மேசையில் இருந்தால் அதை விட்டு எழுந்துவிடுங்கள். மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டு ஒரு நாணயத்துக்குள் மூன்று ஓட்டை போட்டதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், மலையில் மணல்மூட்டை கிடையாது. முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் வைத்து, உட்கார்ந்து முழங்காலில் தாங்கி, இப்படித்தான் சுட வரும். பிறந்தநாளுக்கு நாசி லெமாக் வைத்துத் தருகிற 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டு இருக்கிறதல்லவா, செம்மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் அந்தத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஆகவே தட்டு சரியான அளவு. 100 மீட்டரில் ஐந்து தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு. ஐந்தும் பட்டால் 150, பிறகு 200. ஒன்று தவறினால் முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை, ஐந்தில் நாலு என்பது தேர்வில் நல்ல மதிப்பெண், மானுக்கு அது போதாது. கடைசிச் சுற்றுக்கு முன் மேட்டில் ஏறி இறங்கி இதயம் படபடக்கச் சுடுங்கள். ஊரில் இருக்கும்போதே புக்கிட் தீமா மலையில் பையோடு ஏறிப் பழகினால் நல்லது, 163 மீட்டர்தான், ஆனால் அந்தப் படிகள் மூச்சு வாங்க வைக்கும்.

அப்புறம் மேக்னத்தை எடுத்து அதே தட்டு, அதே தூரம், அதே டம்மி விளையாட்டு. எந்தத் துப்பாக்கியில் உங்கள் எல்லை நீளமோ அது உங்களுடையது. நான் பார்த்தவரை நம் ஆட்களுக்கு .308இல் 200 மீட்டரும் மேக்னத்தில் 100உம் என்ற மாதிரித்தான் வருகிறது, அதாவது தூரமாகச் சுடுவதற்கென்று எடுத்த தோட்டா தூரத்தைக் குறைத்துவிடுகிறது. உங்களுக்கு மேக்னத்தில் குழல் அசையவில்லை, ஐந்து தட்டும் 300இல் பட்டது என்றால் தாராளமாக எடுத்துப் போங்கள், நான் யார் தடுக்க.

தோட்டாவின் பெயரைவிடக் கூடுதல் நேரம் கேட்க வேண்டியது குண்டைப் பற்றி. ஈயத்தைச் செம்புச் சட்டைக்குள் சும்மா வைத்த மென்மையான குண்டு, மேக்னம் வேகத்தில் 60 மீட்டரில் தோள் எலும்பைத் தொட்டால் மேலேயே சிதறிப்போகும், உள்ளே போக வேண்டிய ஆழம் போகாது, முன்னங்கால் இறைச்சி முழுவதும் இரத்தம் கட்டி நாய்க்குத்தான் ஆகும். ஈயமும் செம்பும் ஒட்டவைத்த குண்டு, அல்லது முழுக்கச் செம்பால் ஆன குண்டு அதைத் தாங்கும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு, பல குண்டுகள் வேகம் நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே இறங்கினால் சரியாக விரியாது, ஊசி மாதிரித் துளைத்துப் போய்விடும். மேக்னத்தின் நியாயமான பலன் இங்கேதான்: அந்த வேகத்தை அது இன்னும் நூறு மீட்டருக்கு மேல் தாங்கிப்பிடிக்கும். நீங்கள் அவ்வளவு தூரத்தில் சுடப்போவதில்லை என்றால் அந்தப் பலன் குழலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

யாருக்கு மேக்னம் வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும். பல ஆப்பிரிக்க நாடுகளில் காட்டெருமைக்கும் யானைக்கும் .375தான் குறைந்தபட்சம், அங்கே திருப்பித் தாக்குகிற விலங்கு, பேச்சே இல்லை. அலாஸ்காவின் பழுப்புக் கரடியும் திருப்பித் தாக்குகிற விலங்குதான். நியூசிலாந்திலேயே தார் என்ற இமயமலைக் காட்டாட்டை, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கத்தில் 350 மீட்டரில் பார்த்தால், கிட்டே போக வழியே இல்லாத பாறையில், பழகின கைக்கு மேக்னம் உதவும். (1904இல் பெட்ஃபர்ட் பிரபு அனுப்பிவைத்தவை, தமிழ்நாட்டு வரையாட்டுக்கு உறவு என்று பல காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்குக்குச் சொந்தக்காரன் அங்கே தொல்லை விலங்கு. ஆஸ்திரேலியாவில் நம் புள்ளிமானும் மிளாவும் அதே கதைதான்.) ஆனால் பாதி நேரம், அரைமணி நேரம் கூடுதலாக நடந்தால் 350 மீட்டர் 180 ஆகிவிடுகிறது.

நாளை விடிந்தால் குறி எங்கே? மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்னங்காலின் பின்விளிம்பு வழியாகக் கண்ணை மேலே கொண்டுபோய், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். நேராக முகம் பார்க்கிற மானையும் பின்பக்கம் காட்டுகிற மானையும் விட்டுவிடுங்கள். சுட்டதும் கொண்டாடாமல் அடுத்த தோட்டாவை ஏற்றி, மான் நின்ற இடத்தை ஒரு புதரோ கல்லோ வைத்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தபின் எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருக்கும். பத்து நிமிடம் உட்காருங்கள். இளஞ்சிவப்பாக நுரையோடு இரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருப்பாகப் பச்சை கலந்து நாற்றம் அடித்தால் வயிறு, உடனே துரத்தாதீர்கள், ஒரு மணி நேரமாவது விட வேண்டும், துரத்தினால் வலியோடு மைல்கணக்கில் ஓடும். இரண்டாம் பயணத்தில் .308ஆல் 140 மீட்டரில் சுட்ட பெண்மான் நாற்பது அடி ஓடி, நின்று, ஏதோ மறந்துவிட்ட மாதிரித் திரும்பிப் பார்த்து, அப்படியே மடிந்தது. புல் நுனியில் நுரை இருந்தது. தோளில் வலி இருந்ததா என்று கைடு கேட்டபோதுதான் உதை என்று ஒன்று இருந்ததே நினைவுக்கு வந்தது.

சட்டப்பக்கம் இரண்டு விஷயம். நியூசிலாந்தில் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து நேரடியாகப் பார்த்துக்கொண்டால் உரிமம் இல்லாதவரும் சுடலாம், கைடோடு போகிறவர்கள் அப்படித்தான் சுடுகிறார்கள், அவர் உங்களை விட்டு நகர்ந்தால் துப்பாக்கியும் அவரோடு போக வேண்டும். இரண்டாவது திரும்பி வரும்போது. நம் ஊரில் ஆயுதச் சட்டம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் காலிக் கூடும் நினைவுக்கு எடுத்துவந்த குண்டும்கூட அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. கடைசி நாள் இரவு தங்கும் இடத்திலேயே பையைத் தலைகீழாகக் கொட்டுங்கள். சட்டைப்பை, மழைக்கோட்டின் உள்பை, கையுறை விரல்கள், தண்ணீர்ப்புட்டி வைக்கும் வலைப்பை, எல்லாம். எனக்குப் போன தடவை ஒரு .308 கூடு காலுறைக்குள்ளிருந்து விழுந்தது, எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அதைக் கைடின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.